தாலுகா ஆபீஸ் அக்கா பதில்கள்: இந்த இதழ் முழுக்க இடைத்தேர்தல்

போன இதழில் இடைத்தேர்தல் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் போட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைக் கட்டி வைத்தால் ஒரு பூத்தின் வாக்காளர் பட்டியல் கனம் இருக்கிறது. சரி, இந்த முறை வேறு எதுவும் வேண்டாம், இதையே முடித்துவிடலாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் திருவாரூர் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருஷம் தேர்தல் பிரிவில் இருந்தேன். எனக்குக் கட்சி கிடையாது. கட்சிக்காரர்கள் எல்லாரையும் தெரியும்.

இடைத்தேர்தலில் ஜெயிக்கிறவருக்கும் ஐந்து வருஷம் உண்டா அக்கா?
*கல்லூரி மாணவி, மன்னார்குடி*

கிடையாதும்மா. முன்னவர் விட்டுப்போன மிச்சம்தான். மிச்சம் எவ்வளவு என்பது அவரவர் அதிர்ஷ்டம். திருச்சி மேற்கில் 2011-ல் ஜெயித்து அமைச்சரான மரியம்பிச்சை, எம்.எல்.ஏ.வாகப் பதவிப் பிரமாணம் எடுக்கச் சென்னைக்குப் போகிற வழியில் மே 23 அன்று விபத்தில் இறந்தார். அக்டோபர் 13-ல் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்த பரஞ்சோதிக்குக் கிட்டத்தட்ட முழு இலையும் கிடைத்தது. ஈரோடு கிழக்கில் ஒரே சட்டசபைக் காலத்தில் இரண்டு இடைத்தேர்தல். இரண்டாவது 2025 பிப்ரவரி 5-ல். அதில் ஜெயித்தவருக்கு மிச்சம் இருந்தது ஒன்றே கால் வருஷம். பந்தியில் கடைசி வரிசை மாதிரி.

ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று பாடத்தில் படித்தோம். கலைஞர் மறைந்த பிறகு எங்கள் தொகுதி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகக் கிடந்ததே. சட்டம் எங்கே போனது?
*டீக்கடைக்காரர், கொரடாச்சேரி*

அண்ணே, உங்கள் கணக்கு சரி. 2018 ஆகஸ்ட் 7-ல் அவர் காலமானார். புது எம்.எல்.ஏ. யார் என்று தெரிந்தது 2019 மே 23-ல். நடுவில் ஒரு புயல், ஒரு பொங்கல், ஒரு சம்பா அறுவடை.

ஆறு மாதம் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. 1951-ல் வந்த சட்டம்தான், ஆனால் இந்தப் பிரிவை 1996-ல்தான் சேர்த்தார்கள். அதிலேயே இரண்டு கதவு திறந்திருக்கிறது. காலியான இடத்தின் மிச்சக் காலம் ஒரு வருஷத்துக்கும் குறைவு என்றால் தேர்தல் வேண்டாம். இல்லாவிட்டால், இப்போதைக்கு நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று கொடுத்தால் தள்ளிப் போடலாம்.

திருவாரூருக்கு ஆறு மாதக் கெடு 2019 பிப்ரவரி முதல் வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆணையம் டிசம்பர் 31 அன்று அறிவித்தது: ஜனவரி 28 வாக்குப்பதிவு. எங்கள் பிரிவில் அன்றைக்கு யாரும் புது வருஷம் கொண்டாடவில்லை. பூத் பட்டியலைத் தூசு தட்டினோம். பாதிப் பள்ளிக்கூடங்களில் கஜா தூக்கிப் போட்ட கூரை ஓடுகளுக்குப் பதில் தார்ப்பாய்தான் இருந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் அது. ஒன்றரை மாதம் ஆகியும் நிவாரணக் கணக்கெடுப்பு முடியவில்லை. கணக்கெடுக்கிற வி.ஏ.ஓ.வைத்தான் தேர்தல் வேலைக்கும் கூப்பிட வேண்டும். ஆள் ஒன்றுதானே, எத்தனை ஆபீசுக்குக் கிழிப்பது? கட்சிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஜனவரி 7-ல் தேர்தல் ரத்து. அப்புறம் ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்தது.

ரத்து செய்தது தப்பா என்று என்னைக் கேட்டால், ஜனவரியில் செய்தது தப்பில்லை. வேட்புமனு தொடங்கிய பிறகு யோசித்ததுதான் தப்பு. ஆகஸ்டில் காலியான இடத்துக்கு அக்டோபரிலேயே தேர்தல் வைத்திருந்தால் புயல் வரும்போது தொகுதிக்கு ஓர் ஆள் இருந்திருப்பார். ‘ஆறு மாதத்துக்குள்’ என்று சட்டம் சொன்னால், ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் என்று ஏன் படிக்க வேண்டும்? மின்சாரம் கட்டப் போகிறவன்கூட கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போகிறான்.

எம்.எல்.ஏ. இருந்து என்ன கிழித்திருப்பார் என்று சிலர் கேட்பார்கள். நான் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கஜா முடிந்த வாரத்தில் ஒரு பெரியவர் வந்தார். கூரை போன வீடு, கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போயிற்று. மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார், வேர்வையில் மை கலங்கியிருந்தது. “எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனேன் தாயி, பூட்டிக் கெடக்கு. யாருக்கிட்ட குடுக்கிறது?” என்றார். என்னிடம் கொடுங்கள் என்று வாங்கி வைத்தேன். என்னைப் போன்ற ஒரு துணை வட்டாட்சியர் வாங்குகிற மனுவுக்கும், ஒரு எம்.எல்.ஏ. கலெக்டர் மேஜையில் கொண்டுபோய்ப் போடுகிற மனுவுக்கும் வேகம் ஒன்றில்லை. அந்தப் பெரியவருக்குப் பணம் வந்ததா என்று கேட்காதீர்கள், வருவதற்குள் நான் வேறு பிரிவுக்குப் போய்விட்டேன்.

திருவாரூர் தொகுதிக்கு இடைத்தேர்தல் என்றதும் எங்களுக்குப் பொங்கல் பணம் இல்லை என்று அப்போது சொன்னார்கள். நாங்கள் வேறு தொகுதி. எங்களை எதற்குச் சேர்த்தார்கள்?
*இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி*

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது! நியாயமான கோபம்தான். 2019 ஜனவரி தொடக்கத்தில் கவர்னர் உரையில் அறிவித்தார்கள்: ரேஷன் கார்டுக்கு பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு ரூ.1,000, திருவாரூர் மாவட்டம் நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்தது, தேர்தல் அறிவித்த பிறகு அரசு புதுச் சலுகை தரக் கூடாது என்கிற தேர்தல் நன்னடத்தை விதி.

விதி இப்படி: இடைத்தேர்தல் நடக்கிற தொகுதி தலைநகரத்திலோ மாநகராட்சியிலோ அடங்கியிருந்தால் நன்னடத்தை விதி அந்தத் தொகுதிக்கு மட்டும். மற்ற இடங்களில் மாவட்டம் முழுக்க. திருவாரூர் நகராட்சி. ஆகவே ஒரு தொகுதிக்குத் தேர்தல், நாலு தொகுதிக்கும் பூட்டு. கஜாவில் தென்னை சாய்ந்தது உங்கள் பக்கமும் முத்துப்பேட்டைப் பக்கமும். ஓட்டே இல்லாத ஊருக்கு ஓட்டுக்கான கட்டுப்பாடு. தேர்தல் ரத்தானதும் அந்தத் தடையும் விலகியது. மாவட்டம் முழுக்க என்பதை மாற்றி, தொகுதிக்கு மட்டும் என்று எல்லா ஊருக்கும் ஒரே விதி வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ‘பக்கத்துத் தொகுதியில் கொடுத்து இந்தத் தொகுதியை மயக்குவார்கள்’ என்பார்கள். மயக்க நினைப்பவன் மாவட்ட எல்லையையா பார்க்கப் போகிறான்?

2025 ஜூனில் வால்பாறை எம்.எல்.ஏ. இறந்தார். அங்கே இடைத்தேர்தலே வைக்கவில்லையே?
*பஸ் கண்டக்டர், வலங்கைமான்*

மேலே சொன்ன முதல் கதவு இதுதான். அந்தச் சட்டசபையின் காலம் 2026 மே மாதம் வரைதான். ஜூன் 21-ல் காலியானால் மிச்சம் 11 மாதம்கூட இல்லை.

நம் பக்கத்தில் இன்னொரு விசித்திரம் நடந்தது. நாகப்பட்டினம் எம்.பி. செல்வராசு 2024 மே 13-ல் காலமானார். இடம் காலிதான். ஆனால் ஏப்ரல் 19-லேயே நாம் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். அந்த முறை அவர் நிற்கவும் இல்லை. நாகையின் அடுத்த எம்.பி. ஏற்கெனவே பெட்டிக்குள் சீல் வைக்கப்பட்டு, ஜூன் 4-க்காகக் காத்திருந்தார்.

2016 நவம்பரில் தஞ்சாவூரில் நடந்ததை எல்லாரும் இடைத்தேர்தல் என்கிறார்கள். என் மாமனார் ‘அது இடைத்தேர்தல் இல்லை’ என்று சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?
*மருமகள், கரந்தை*

மாமனார் சொல்வதுதான் சரி. பாயசம் இன்னொரு கரண்டி விடுங்கள்.

இருந்தவர் இறந்தோ, விலகியோ, பதவி பறிபோயோ காலியானால்தான் இடைத்தேர்தல். தஞ்சாவூரில் 2016-ல் ஆளே உட்காரவில்லை. மே 16 பொதுத்தேர்தலில் பணமும் பரிசும் புழங்கியது என்று தஞ்சாவூரையும் அரவக்குறிச்சியையும் மட்டும் தனியே எடுத்து, இரண்டு முறை தள்ளிப் போட்டு, கடைசியில் மே 28-ல் தேர்தலையே ரத்து செய்தார்கள். நவம்பர் 19-ல் புதிதாக வைத்தார்கள். அதே நாளில் திருப்பரங்குன்றத்தில் நடந்தது மட்டும்தான் அசல் இடைத்தேர்தல்.

அந்த நவம்பர் எப்பேர்ப்பட்ட நவம்பர் என்று நினைவிருக்கும். 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். பதினோராவது நாள் வாக்குப்பதிவு. பணம் புழங்கியதால் நின்றுபோன தேர்தலை, யார் கையிலும் பணம் இல்லாத வாரத்தில் நடத்தினார்கள்! மழையும் ஏமாற்றிய வருஷம் அது. தஞ்சாவூரில் டீச்சராக இருந்த என் தங்கைக்கு பூத் வேலை. வேலைப்படியாக அவளுக்கும் கூட இருந்த ஒருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு புது 2,000 ரூபாய் நோட்டு. சில்லறை மாற்ற நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மளிகைக் கடையில் ஆளுக்கு ஒரு மூட்டை சாமான் வாங்கிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

இன்னொரு கூத்து மை. வங்கியில் ஒருவரே திரும்பத் திரும்ப நோட்டு மாற்றக்கூடாது என்று விரலில் அழியாத மை வைக்க ஆரம்பித்தார்கள். நம்முடைய அதே மைசூர் மை. ஓட்டுக்கு இடது கை ஆள்காட்டி விரல், வங்கிக்கு வலது கை என்று வைத்திருந்தாலும், தேர்தல் நடக்கிற இடத்தில் குழப்பம் வரும் என்று ஆணையம் நிதி அமைச்சகத்துக்கு எழுதியது. தங்கை பூத்தில் ஒரு மூதாட்டி இரண்டு கையையும் விரித்து நீட்டி, “இதுல ஏற்கெனவே வச்சாச்சு, அதுல வையி” என்றாராம்.

அந்தத் தேர்தலின் வேட்பாளர் படிவங்களில்தான் மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. அது பின்னால் வழக்காகி, 2019 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பரங்குன்றத்தில் ஏ.கே.போஸ் ஜெயித்தது செல்லாது என்றது. அதற்குள் போஸ் காலமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. வழக்கு நடந்ததால் அந்தத் தொகுதியும் அத்தனை மாதம் காலி. தஞ்சாவூரில் ஜெயித்த ரங்கசாமி 2017 செப்டம்பரில் தகுதிநீக்கமான 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். ஆக, தஞ்சாவூருக்கு 2019 ஏப்ரலில் மறுபடி தேர்தல். இது அசல் இடைத்தேர்தல், இதையும் மாமனாரிடம் சொல்லுங்கள்.

நெல் வாங்கக் கையில் ரொக்கம் எடுத்துப்போவேன். இடைத்தேர்தல் சமயத்தில் பறக்கும் படை பிடித்தால் என்ன செய்வது?
*நெல் வியாபாரி, நீடாமங்கலம்*

ரூ.50,000-க்கு மேல் என்றால் காகிதம் இல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள். வங்கியில் எடுத்த சீட்டு, அல்லது பாஸ்புக் நகல், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு பில் புத்தகம். போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், கோரையாற்றுப் பாலத்தில் சிக்னல் நின்றுவிடும். பிடித்தால் ரசீது கேளுங்கள். ரசீதிலேயே மேல்முறையீட்டுக் குழு விவரம் இருக்க வேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு அது. வழக்கு எதுவும் பதியாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சண்டை போட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சத்தம் போட்டவர்களின் பைதான் முதலில் திறக்கப்படும். அனுபவம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். ஊரில் இடைத்தேர்தல் வந்தால் ஓட்டுப் போட லீவு தருவார்களா? சம்பளம் பிடிப்பார்களா?
*தையல் தொழிலாளி, சொந்த ஊர் பூந்தோட்டம்*

உங்கள் தொகுதியில் வாக்குப்பதிவு என்றால் உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு. கம்பெனி திருப்பூரில் இருந்தாலும் சரி, தினக்கூலியாக இருந்தாலும் சரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. கொடுக்காத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அந்த 500-க்குப் பயந்த முதலாளியை நான் பார்த்ததில்லை, அதனால் தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள் தம்பி.

இந்திரா காந்தி தஞ்சாவூர் இடைத்தேர்தலில் நிற்கப் போவதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்ததே, நிஜமா?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவையாறு*

நிஜம்தான் ஐயா. 1978-ல் சிக்மகளூரில் ஜெயித்து, அந்த வருஷ டிசம்பரிலேயே மக்களவையில் இருந்து வெளியேற்றப்பட்டார். 1979-ல் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்கு அவர் பெயர் அடிபட்டது. எம்.ஜி.ஆர். முதலில் சரி என்று சொல்லி, பிறகு பின்வாங்கினார். கடைசியில் காங்கிரசில் இருந்து சிங்காரவடிவேல் நின்று ஜெயித்தார். என் அப்பா அந்த வாரம் முழுக்க “இந்திராம்மா நம்ம கொள்ளிடத்துக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், அப்புறம் எதற்குச் செலவு?
*உரக்கடைக்காரர், பாபநாசம்*

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 1973 திண்டுக்கல்லை மறந்துவிட்டீர்கள். பிறந்து ஏழெட்டு மாதமான அ.தி.மு.க. ஜெயித்தது. 2017 ஆர்.கே.நகரில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தோடு ஜெயித்தார். 2019-ல் 22 தொகுதிகளில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. 13, ஆளுங்கட்சி 9. ஆனால் அந்த 9-தான் ஆட்சியைக் காப்பாற்றியது.

எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் வீட்டுக்கு வந்து கவர் கொடுப்பார்களாமே. வாங்கினால் தப்பா அக்கா?
*வாசகி, குடவாசல்*

தப்புதான். கொடுக்கிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகள் இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாங்குகிறவருக்கும் ஓராண்டு வரை சிறை. பிரியாணி போடுவது தனிக் கணக்கு, அதற்கு அபராதம் மட்டும். சட்டம் எழுதியவருக்குப் பசி தெரிந்திருக்கிறது.

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர் பெயரே ஒரு விலைப் பட்டியலுக்குப் பெயராகிவிட்டது. பொதுத்தேர்தலில் 234-ஆகப் பிரிகிற கவனம் ஒரே தொகுதியில் வந்து கொட்டும்போது அப்படித்தான் ஆகும். தெருவுக்கு ஓர் அமைச்சர், வாய்க்காலுக்கு ஒரு மாவட்டச் செயலாளர். ஏழு வருஷமாகத் தூர்வாராத வாய்க்கால்கரையில் வெள்ளை வேட்டிகள் நின்று ‘இதை ஏன் இன்னும் வாரவில்லை’ என்று கேட்டதை நானே பார்த்தேன். எனக்கு இதில் வருத்தம் கவரைப் பற்றி இல்லை. அந்தக் கேள்வியை ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் கேட்க அதே கரையில் ஒருவரும் இல்லை என்பதுதான்.

என் அம்மாவுக்கு 87 வயது. பூத்துக்கு நடக்க முடியாது. பொதுத்தேர்தலில் வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கினார்கள். இடைத்தேர்தலிலும் வருவார்களா?
*விவசாயி, கூத்தாநல்லூர்*

வருவார்கள். 85 வயது தாண்டியவர்களுக்கு 12டி படிவம். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஓட்டுச்சாவடி அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவருவார், வராவிட்டால் நீங்கள் தேடிப் போங்கள். படிவம் கொடுத்துவிட்டால் அப்புறம் பூத்தில் போய்ப் போட முடியாது, அதை அம்மாவிடம் சொல்லி வையுங்கள். குழு வரும் நாளை முன்கூட்டிச் சொல்வார்கள். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், மூன்றாவது முறை இல்லை. இரண்டு அலுவலர், ஒரு போலீஸ், ஒரு கேமராக்காரர், மறைத்துக்கொண்டு போட ஓர் அட்டைத் தடுப்பு. அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு வையுங்கள், அட்டை நிற்க அது போதும். வீட்டில் நாய் இருந்தால் கொல்லையில் கட்டிப் போடுங்கள். எங்கள் ஆட்களில் அது முதலில் கடிப்பது எப்போதும் கேமராக்காரரைத்தான்.